புரதம் சாப்பிட்டால் அமிலம் கூடுமா? ஓர் ஆசிரியையின் கேள்விக்கு மருத்துவரின் பதில்

மதுரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் 47 வயது ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்று வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். எடை 64 கிலோ. ஆறு மாதத்துக்கு முன்பு டாக்டர், சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொன்னார். அன்றிலிருந்து காலையில் இரண்டு முட்டை, மாலையில் சுண்டல், இரவு ஒன்பதரைக்குச் சப்பாத்தியும் பனீர் கிரேவியும், அதற்கு மேல் பாலில் கலக்கிய புரோட்டீன் பவுடர். பத்தே காலுக்குப் படுக்கை. சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் நடு இரவில் நெஞ்சு எரிந்து, புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து எழுப்பிவிடுகிறது. குளிர்ந்த பால் குடித்தால் அரை மணி நேரம் நிம்மதி, அப்புறம் முன்னைவிட மோசம். மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை வாங்கி, தோன்றும் நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறார். இரண்டு மாதம் தொடர்ந்து போட்டுவிட்டு நிறுத்தியபோது எரிச்சல் இரட்டிப்பானதாம். நீட் தேர்வுக்குப் படிக்கும் மகன், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைத் தூண்டும், காஸ்ட்ரின் அமிலத்தைத் தூண்டும் என்று புத்தகத்தில் காட்டியிருக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ நேர்மாறாக, "உனக்கு அமிலம் குறைவு, அதனால்தான் எரிகிறது" என்று சொல்லி வயிற்றில் அமிலத்தைக் கூட்டும் பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு மாத்திரை அனுப்பியிருக்கிறார். புரதத்தை நிறுத்துவதா, தம்பியின் மாத்திரையைப் போடுவதா, இது அல்சரா, அதைவிடப் பெரியதா என்பவை அவர் கேள்விகள். கடைசி வரியில், "மற்றபடி வேறு மருந்து எதுவும் இல்லை, முட்டி வலிக்கு மட்டும் வாரத்தில் மூன்று நான்கு நாள் டைக்ளோஃபெனாக் போடுவேன்" என்று எழுதியிருக்கிறார்.

டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மகனின் பாடத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் புரதத்தின் மேல் சந்தேகப்பட்டதே அங்கிருந்துதான்.

மகன் சொன்னது சரி, ஆனால் பாதிதான்

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஜி செல்கள் இருக்கின்றன. வயிற்றில் என்ன வந்திருக்கிறது என்று சுவைத்துப் பார்ப்பது அவற்றின் வேலை. முழுப் புரதம் அவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை. பெப்சின் என்ற வயிற்று நொதி அதை வெட்டி, பெப்டைடு துண்டுகளும் அமினோ அமிலங்களுமாக ஆக்கிய பிறகுதான் ஜி செல்கள் காஸ்ட்ரினை இரத்தத்தில் விடுகின்றன. எல்லா அமினோ அமிலத்துக்கும் ஒரே சக்தி இல்லை. ஃபினைல்அலனினும் டிரிப்டோஃபேனும்தான் முன்னணியில் நிற்பவை. இவற்றை உணரும் ஏற்பிகளில் ஒன்று கால்சியத்தையும் உணரக்கூடியது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி இரத்தத்தின் கால்சியத்தை அளக்கப் பயன்படுத்துவதும் இதே ஏற்பியைத்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பால் பற்றிப் பேசும்போது வேண்டும்.

வெளியே வந்த காஸ்ட்ரின் நேரடியாக அமிலம் சுரக்க வைப்பது குறைவு. அது பக்கத்துச் செல்களிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றுகிறது, அந்த ஹிஸ்டமின் போய் அமிலச் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்புகளை ஓட்டுகிறது. இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்த கதையே சுவாரசியமானது. 1905-ல் ஜான் எட்கின்ஸ் இப்படி ஒரு ஹார்மோன் இருக்கிறது என்றார். அவர் எடுத்த சாற்றில் இருப்பது வெறும் ஹிஸ்டமின்தான் என்று சொல்லி அதைப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். 1964-ல் லிவர்பூலில் கிரிகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் வழக்கு முடிந்தது. இன்னொன்று: அமினோ அமிலங்கள் சிறுகுடலுக்குப் போன பிறகும் கொஞ்சம் அமிலத்தைத் தூண்டுகின்றன. ஒரு சாப்பாட்டின் மொத்த அமிலத்தில் இதன் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குத்தான். ஆனாலும் வாய் வழியே எதுவும் கொடுக்காமல் நரம்பு வழியாக அமினோ அமிலம் ஏற்றினால்கூட வயிற்றில் அமிலம் சுரக்கிறது. ஆக, மகன் படித்ததில் தவறில்லை.

விட்டுப்போன பாதி இதுதான். புரதம் அமிலத்தைச் சுரக்க வைப்பதோடு நிற்காமல், சுரந்த அமிலத்தைத் தானே பிடித்தும் வைத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் பிஎச் 2-க்கும் கீழே இருக்கும். நல்ல சாப்பாடு உள்ளே போனதும் அது 4-க்கு மேலும் ஏறலாம், அதாவது அமிலத்தன்மை குறைகிறது. உணவு பிடித்துக்கொள்ளும் அளவு தீர்ந்து பிஎச் மறுபடி 3-க்குக் கீழே இறங்கும்போது சொமாட்டோஸ்டேட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து காஸ்ட்ரினை அடக்குகிறது. கொழுப்பும் அமிலமும் முன்சிறுகுடலை அடையும்போது அங்கிருந்தும் ஒரு தடுப்பு வருகிறது. முடுக்குவதும் அடக்குவதுமான இந்த வேலை, ஒழுங்காகச் சாப்பிடும் எல்லோர் வயிற்றிலும் தினமும் நடக்கிறது. இதை நோய் என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் எரிகிறது? நெஞ்செரிச்சல் உள்ள பெரும்பாலோருக்கு அமிலம் மற்றவர்களைப் போலத்தான் சுரக்கிறது. இருக்கக் கூடாத இடத்துக்கு, அதாவது உணவுக்குழாய்க்கு, அது ஏறி வருவதுதான் சிக்கல். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை உண்டு. புரதம் அதைக் கொஞ்சம் இறுக்கத்தான் செய்யும். தளர்த்துபவை கொழுப்பும் வயிறு முட்டச் சாப்பிடுவதும். 2001-ல் கிளாஸ்கோ மருத்துவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள்: சாப்பிட்ட பிறகு, உணவோடு கலக்காத கடும் அமிலம் ஒரு சிறு தேக்கமாக, உணவுக்கு மேலாக, சரியாக அந்தச் சுருக்குத் தசைக்குக் கீழே நிற்கிறது. உட்கார்ந்திருந்தால் அது கீழேயே இருக்கும். ஒன்பதரைக்குப் பனீர் கிரேவியும் பவுடர் பாலும் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் படுத்தால், அது எங்கே போகும்? தூக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவதும் குறைந்துவிடுவதால், ஏறி வந்த அமிலத்தைக் கழுவிவிடவும் ஆளில்லை.

புரதத்தை நிறுத்தாதீர்கள். இரவில் குவித்து வைத்திருப்பதைப் பகலுக்குப் பிரியுங்கள், அது போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், உங்களுக்குச் சுமார் 53 கிராம் வருகிறது. இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டலில் 10, நூறு கிராம் பனீரில் 18, அதோடு பருப்பும் சப்பாத்தியும் தருவது. பவுடர் இல்லாமலே கணக்கு முடிந்துவிட்டது. ஒரு கரண்டி பவுடரில் இருபது கிராமுக்கு மேல் இருக்கும், அதுவும் நீர்க்க இருப்பதால் சீக்கிரம் வேலையைத் தொடங்கிவிடும். பனீரை மதியத்துக்கு மாற்றுங்கள், பவுடரை விட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்குள், லேசாக. பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் இது கஷ்டம் என்று தெரியும். அன்று சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், படுக்கையைத் தள்ளிப்போடுங்கள்.

நள்ளிரவுப் பால்

பால் வயிற்றுப் புண்ணை ஆற்றும் என்பது நம் வீடுகளில் மட்டும் உள்ள நம்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். 1915-ல் சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர், அல்சர் நோயாளிகளுக்கு மணிக்கு ஒரு முறை பாலும் கிரீமும் கொடுக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் அது பெரிய மருத்துவமனைகளிலேயே நடைமுறையில் இருந்தது. 1976-ல் வெளியான ஓர் ஆய்வில் அளந்து பார்த்தபோது, முழுக் கொழுப்புப் பால், கொழுப்பு குறைத்த பால், கொழுப்பே இல்லாத பால் என எதைக் குடித்தாலும் அமிலச் சுரப்பு கூடியது. காரணம் இப்போது உங்களுக்கே புரியும். பாலில் புரதம் இருக்கிறது, கால்சியமும் இருக்கிறது, ஜி செல்களுக்கு இரண்டுமே தூண்டுதல். முதலில் அமிலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து இதம் தரும், அப்புறம் புது அமிலத்தை வரவழைக்கும். நீங்கள் எழுதிய அந்த அரை மணி நேரம் அதுதான்.

பகலில் பாலோ மோரோ தாராளமாகச் சாப்பிடுங்கள். நடு இரவில் எரிந்தால் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர், தேவைப்பட்டால் இரண்டு ஸ்பூன் ஆன்டாசிட் சிரப். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவதால் கழுத்து மடியுமே தவிரப் பயனில்லை. இடது பக்கமாகப் படுப்பது நல்லது.

முட்டி வலி மாத்திரை

"வேறு மருந்து எதுவும் இல்லை" என்று நீங்கள் எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். என் புற நோயாளிப் பிரிவில் தினமும் கேட்கிற வாக்கியம் இது. வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரைப்பைச் சுவரைத் தன் அமிலத்திடமிருந்து காப்பது ஒரு சீதப் படலமும் அதற்குள் இருக்கும் பைகார்பனேட்டும். இவற்றைச் சுரக்கச் சொல்வது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக் வலியைக் குறைப்பதே புராஸ்டாகிளாண்டினை நிறுத்தித்தான். முட்டியில் நிறுத்தும்போது வயிற்றிலும் சேர்த்தே நிறுத்துகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஆபத்தில்லை என்பார்கள், அது சரியில்லை. மாத்திரை இரத்தத்தில் கலந்தபின் செய்யும் வேலை இது, வயிறு நிறைந்திருப்பதால் மாறிவிடாது. இதே காரணத்தால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். வலி மாத்திரைகளில் இன்னொரு சூது உண்டு: உண்டாகும் புண் வலிக்காமலே இருந்து, நேரடியாக இரத்தக் கசிவில் வெளிப்படலாம்.

இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வரும் உண்மையான புண்களுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று இந்த வகை வலி மாத்திரைகள். மற்றது ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் வளர்த்துக் காட்டி 2005-ல் நோபல் பரிசு வாங்கிய அதே கிருமி. நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வயிற்றில் அது இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராமல். முட்டையோ சுண்டலோ காரணப் பட்டியலில் இல்லை. கிருமியும் வலி மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது.

சர்க்கரை உள்ளவருக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. டைக்ளோஃபெனாக் அட்டவணை எச் மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கடைக்காரர் தருகிறார் என்பதற்காக அதைப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். முட்டிக்கு மேல்பூச்சு ஜெல், அளவோடு பாராசிட்டமால், தொடைத் தசைக்கான பிசியோதெரபி. இந்த மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை, நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவர்களுக்கு அதிகம் உதவுவதும் அதுதான்.

பான்டோப்ரசோல் ஏன் கேட்கவில்லை

பான்டோப்ரசோல் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அடைக்கும், உறங்கும் பம்பைத் தொடாது. பம்புகளை எழுப்புவது சாப்பாடு, அதிலும் புரதம். மருந்தோ இரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான் நல்ல அளவில் இருக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே அது உள்ளே போய்க் காத்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது போடுவது, கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் வருகைப் பதிவேட்டைத் திறப்பது மாதிரி. தோன்றிய நாளில் போடுவதும் அப்படித்தான், முழுப் பலன் வரச் சில நாட்கள் தொடர்ந்து போட வேண்டும்.

நிறுத்தியதும் இரட்டிப்பானது உங்கள் நோய் முற்றிவிட்டதால் என்று பயந்திருக்கிறீர்கள். மாத்திரையால் அமிலம் குறைந்திருந்த காலம் முழுவதும் காஸ்ட்ரினை அடக்க யாருமில்லை, அது ஏறிக்கொண்டே இருந்தது. மாத்திரையை எடுத்ததும், ஏறிய காஸ்ட்ரின் திறந்துகிடக்கும் பம்புகளை முழு வேகத்தில் ஓட்டியது. 2009-ல் டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இதே வகை மாத்திரை கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் புதிதாக அமிலத் தொந்தரவு வந்தது. சில வாரங்களில் அடங்கிவிடும் விஷயம் இது. நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்து, இடையில் ஆன்டாசிட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

தம்பி அனுப்பிய மாத்திரை

வேண்டாம். அமிலம் உண்மையிலேயே குறையும் நிலைமைகள் உண்டு: அமிலச் செல்களை உடலே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், பைலோரிக் கிருமி பல வருடம் இருந்து இரைப்பைச் சுவர் மெலிந்து போவது. அவை பெரும்பாலும் பி12 குறைவு, இரத்தசோகை என்று வெளிப்படும், புளித்த தண்ணீர் எதுக்களிப்பாக வராது. தொண்டை வரை புளிப்பு வருகிறது என்றால் அமிலம் இருக்கிறது என்றுதான் பொருள். சோடா மாவைத் தண்ணீரில் கலந்து குடித்து, ஏப்பம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் வீடியோச் சோதனையை நம்ப வேண்டாம், அது எதையும் அளப்பதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் டைக்ளோஃபெனாக் போகும் வயிற்றில், காப்புப் படலம் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாதபோது மேலும் அமிலத்தைக் கொட்டுவது ஆபத்து. தம்பியின் அக்கறையை மதிக்கிறேன், மாத்திரையை மட்டும் பிரிக்காதீர்கள். அமிலம் குறைந்தால் புரதம் செரிக்காதே என்று அவர் கேட்பார். புரதச் செரிமானத்தின் பெரும்பகுதியைக் கணைய நொதிகள் சிறுகுடலில் முடித்துவிடுகின்றன என்று சொல்லுங்கள்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. நேரத்தை மாற்றி, வலி மாத்திரையை நிறுத்தி, பான்டோப்ரசோலை ஒழுங்காக எட்டு வாரம் காலையில் போட்டுப் பார்ப்பது ஒன்று. முதலில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை, செய்துவிடுவது மற்றொன்று. முப்பது வயதுக்காரராக, வலி மாத்திரை போடாதவராக இருந்தால் முதல் வழியைச் சொல்லியிருப்பேன். உங்கள் வயதும் ஆறு மாத எரிச்சலும் டைக்ளோஃபெனாக்கும் சேரும்போது, எண்டோஸ்கோப்பி செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து. தொண்டையில் மரப்பு மருந்து அடித்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். புற்றுநோய் பற்றிய உங்கள் பயத்துக்கும் நேரடியான பதில் கிடைத்துவிடும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு குறைவுதான், ஆனால் கடிதத்தைப் படித்து யாரும் அதை உறுதி செய்ய முடியாது. கிருமிக்கும் சேர்த்துச் சதை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. கிருமிச் சோதனை சரியாக வர, பான்டோப்ரசோலை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அதுவரை ஆன்டாசிட்டை வைத்துச் சமாளியுங்கள்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, மலம் தார் போலக் கறுத்துப் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அது வேறு. இன்னொன்றையும் நீங்களே கவனியுங்கள். எரிச்சல் படுக்கும்போது வராமல் பள்ளியின் மாடிப்படி ஏறும்போது வருகிறதா, வியர்வையோ மூச்சுத் திணறலோ தாடைக்குப் பரவும் வலியோ கூட இருக்கிறதா? சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்செரிச்சல் வேடத்தில் வருவது உண்டு. அப்படியானால் வயிற்று மருத்துவரைத் தேடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

அடுத்த முறை சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கும்போது பி12, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னவை இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுபவை. மெட்ஃபார்மினும் பான்டோப்ரசோலும் தனித்தனியாகவே பி12-ஐக் குறைக்கக்கூடியவை, நீங்கள் இரண்டையும் போட்டிருக்கிறீர்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்த அளவுப் புரதத்தைத் தொடரலாம். ஆல்புமின் கூடியிருந்தால் எவ்வளவு புரதம் என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவரே முடிவு செய்யட்டும். எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும், அன்று காலை மெட்ஃபார்மின் போடுவதா வேண்டாமா என்பதையும் அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.